உத்தரவா, வகுப்பா, கூட்டமா, பேரமா? மாற்றத்துக்கு மறுக்கும் வேலையிடத்தில் எந்த வழி யாருக்கு

கடந்த இரண்டு மாதங்களில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறார். ஆளாளுக்குப் பீஸ் ரேட் (தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி) என்று இருந்ததை, ஒரு உடையை ஆளுக்கு ஒரு பகுதியாகத் தைத்துக் கைமாற்றும் வரிசை முறைக்கு மாற்றி, வரிசைக்கு மொத்தமாகச் சம்பளம் போடப் பார்க்கிறார், டெய்லர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருவர் நடுத்தர மருத்துவமனை ஒன்றில் செவிலியர் பொறுப்பாளர். காகிதக் கேஸ் ஷீட்டுக்குப் பதிலாக வார்டுக்கு வார்டு டேப்லெட் வந்து இறங்கியிருக்கிறது. அது சார்ஜரிலேயே கிடக்கிறது. மூன்றாமவர் கோவைப் பக்கம் பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறைக்காரர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் இரண்டை எட்டு மணி நேர ஷிஃப்ட் மூன்றாக்க நினைக்கிறார். “வேலை நேரத்தைக் குறைக்கிறேன் என்றால் அதற்கும் சண்டைக்கு வருகிறார்கள்” என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

கண்டிப்பாகச் சொல்லிவிடலாமா, வகுப்பு நடத்திப் புரியவைக்கலாமா, உட்காரவைத்துக் கேட்கலாமா, ஏதாவது கொடுத்து முடிக்கலாமா? மூவரும் தடுமாறுவது இந்த நான்குக்கும் நடுவில்தான். 1979இல் ஜான் கோட்டர், லியோனார்ட் ஷ்லெசிங்கர் என்ற இரண்டு நிர்வாகவியல் ஆய்வாளர்கள் இதே கேள்விக்கு ஆறு வழிகளை வரிசைப்படுத்தி எழுதினார்கள். எந்த வழியும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் பட்டறைக்கும் ஆபீசுக்கும் பொருந்துகிற நான்கை மட்டும் இங்கே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலான இடங்களில் முதலாளியின் சுபாவம்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறது. கோபக்காரர் உத்தரவு போடுவார், கூச்சக்காரர் கூட்டம் போடுவார். அதை விட்டுவிட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அவசரம் உண்மையானதா? சட்டம் குறித்த தேதி வேறு, நீங்களே மனதில் போட்டுக்கொண்ட ஏப்ரல் ஒன்றாம் தேதி வேறு. ஊழியர்களுக்கு இந்த வித்தியாசம் உங்களைவிட நன்றாகவே தெரியும்.

இரண்டாவது, வேலையின் சூட்சுமம் யார் கையில் இருக்கிறது? கணக்கு வரித்துறையின் படிவத்தில் இருக்கிறது என்றால் ஊழியரைக் கேட்க அதிகம் இல்லை. டெய்லரின் விரலிலும் ஸ்டோர் கீப்பரின் ஞாபகத்திலும் இருக்கிறது என்றால், கேட்காமல் செய்கிற மாற்றம் ஓட்டை விழுந்ததாகவே இருக்கும்.

மூன்றாவது, அவர்களுக்கு என்ன போகிறது? பணமா, நேரமா, மரியாதையா, வேலையேவா? இந்த ஒன்றை நிர்வாகம் எப்போதுமே குறைத்து மதிப்பிடுகிறது. கோவைக்காரர் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு எட்டு மணி நேரம் போக நான்கு மணி நேரம் ஓவர்டைம். சட்டப்படி இரட்டைச் சம்பளம் கொடுத்திருந்தால், அந்த நான்கு மணி நேரத்தின் கூலியும் எட்டு மணி நேரத்தின் கூலியும் ஒன்று. அதை நிறுத்தினால் வருமானம் சரிபாதியாகிறது. ஒற்றைச் சம்பளம்தான் கொடுத்து வந்தீர்கள் என்றால் மூன்றில் ஒரு பங்கு போகிறது. எப்படிப் பார்த்தாலும் அது வேலை நேரக் குறைப்பு அல்ல, சம்பளக் குறைப்பு. பள்ளிக் கட்டணத்தையும் சீட்டுப் பணத்தையும் அந்தத் தொகையை நம்பிக் கட்டிக்கொண்டிருப்பவர் சண்டைக்கு வராமல் என்ன செய்வார்?

நான்காவது, நாற்பதாவது நாளில் என்ன செலவு நிற்கும்? மாற்றம் தொடங்குகிற அன்று எந்த வழி மலிவு என்று பார்ப்பது எளிது. வைத்தியர் ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொல்வதைப் போல, இதையும் நாற்பது நாள் பொறுத்துப் பார்த்தால்தான் தெரியும். நாற்பது என்ற எண்ணை நானாகக் கற்பனை செய்யவில்லை, அடுத்துச் சொல்லப்போகும் பரிசோதனையிலிருந்து எடுத்தேன்.

## அட்டைக்குப் பதில் பெட்டி

1940களில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மேரியன் என்ற சிற்றூரில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை இருந்தது. சுமார் 500 பெண்கள், 100 ஆண்கள். சுற்றியுள்ள மலைப்பகுதிகளிலிருந்து வந்தவர்கள், சராசரி வயது இருபத்து மூன்று. பீஸ் ரேட். மணிக்கு 60 அலகு முடித்தால் தேறிய கை. திருப்பூரில் ஸ்டைல் மாறினால் முதல் சில நாட்கள் பீஸ் விழாது என்பார்களே, அதே பிரச்சினைதான் அங்கும். வேலை முறை மாற்றப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர்தான் பழைய 60ஐத் தொட்டார்கள். மீதிப் பேர் ஒன்று மந்தமாகவே நின்றுபோனார்கள், இல்லையென்றால் வேலையை விட்டுப் போனார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் வேலை பழகுவதைவிட, பழைய கை புது முறைக்குத் திரும்ப அதிக நாள் பிடித்தது. இடைக்காலத்துக்கென்று தனிப் படி கொடுத்தும் பயனில்லை.

அங்கே லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்து 1948இல் வெளியிட்டார்கள். முதல் குழு அயர்ன் போடும் 18 பேர். அவர்களுக்கு வந்த மாற்றத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். அரை டஜன் அரை டஜனாக அட்டையின்மேல் அடுக்கிக்கொண்டிருந்ததை இனிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். போட்டி காரணமாக இது தேவைப்படுகிறது, புது ரேட் இது என்று வழக்கம்போல் கூட்டிச் சொல்லிவிட்டார்கள். உடனே மேற்பார்வையாளரோடு மனக்கசப்பு வந்தது, உற்பத்தியைத் தெரிந்தே குறைத்தார்கள். 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். ரேட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று புகார் எழுந்ததால் சரிபார்த்தார்கள். உண்மையில் ரேட் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. புகாரில் எழுதியிருந்தது ரேட். மனதில் இருந்தது வேறு.

இரண்டாவது குழு மடிக்கும் வேலை பார்த்த 13 பேர். பார்வைக்கு வித்தியாசமே தெரியாத இரண்டு உடைகளை அவர்கள் முன் வைத்து, ஒன்று மற்றதைவிட இருமடங்கு விலைக்குப் போனது என்று காட்டினார்கள். செலவைக் குறைக்க வேண்டியதன் காரணம் பேசப்பட்டது. தங்களுக்குள் சில பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, புது முறையை வகுப்பதில் அவர்களை உட்காரவைத்தார்கள். பதினான்கு நாளில் மணிக்கு 61 அலகு. யாரும் வேலையை விடவில்லை. மூன்றாவது, நான்காவது குழுக்களில் எல்லோருமே முறை வகுப்பதில் கலந்துகொண்டார்கள். அவர்கள் முதல் நாள் மட்டும் லேசாகச் சறுக்கி, பிறகு பழைய அளவைவிட 14 சதவீதம் மேலே போய் நின்றார்கள்.

எனக்கு இதில் பிடித்தது பிற்பாடு நடந்ததுதான். முதல் குழுவில் எஞ்சியிருந்த 13 பேரை இரண்டரை மாதம் கழித்து மறுபடி ஒன்றுசேர்த்து, இன்னொரு புது வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை எல்லோரையும் கலந்து செய்தார்கள். மளமளவென்று மீண்டார்கள். மனிதர்கள் அதே மனிதர்கள்தான். “எங்கள் ஆட்கள் திருந்தவே மாட்டார்கள்” என்று எழுதும் வாசகர்களுக்கு இந்தப் பதின்மூன்று பேரை அறிமுகப்படுத்த ஆசை.

குழுக்கள் சிறியவை, எனவே இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதே போன்ற முயற்சி நடந்தபோது உற்பத்தியில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு வரவில்லை என்று 1960இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதற்கு ஒரு காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

## உத்தரவு

சுற்றறிக்கை ஒட்டி, தேதி குறித்து, மீறினால் நடவடிக்கை என்று சொல்வது. ஒரு காகிதம், ஒரு பசை டப்பா. இதைவிட மலிவான வழி இல்லை.

இது சரியாக வேலை செய்த இடங்கள் உண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன் என்று வருடக்கணக்காக அடம்பிடித்த கணக்குப்பிள்ளைகள் எத்தனையோ பேர் சில மாதங்களில் பழகிக்கொண்டார்கள். தேதியை வைத்தது முதலாளி அல்ல, எல்லாக் கடைக்கும் ஒரே சட்டம், எதிர்த்துப் பேச ஆளே இல்லை. பிரஸ் மெஷினுக்குப் பாதுகாப்பு மூடி போடுவது, கொதிகலன் பக்கம் கைபேசி கூடாது என்பது போன்றவற்றிலும் விவாதத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. விரல் போகிற விஷயத்தில் வாக்கெடுப்பு எதற்கு?

மறைமுகச் செலவு எங்கே இருக்கிறது என்றால், உத்தரவுக்கு யாரும் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்வதில்லை. “சரிங்க” என்றுதான் சொல்வார்கள். அந்தச் “சரிங்க”வை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிறகு வேகம் குறையும், சொன்னதை மட்டும் எழுத்துப் பிசகாமல் செய்வார்கள், கண்ணெதிரே தப்பு நடந்தாலும் “நீங்கள்தானே இப்படிச் சொன்னீர்கள்” என்பார்கள். திருப்பூர் போன்ற ஊரில் தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன கை திரும்பாமல் அடுத்த கம்பெனிக்குப் போய்ச் சேரும். தேர்ந்த ஆள்தான் முதலில் போவார், ஏனென்றால் அவருக்குத்தான் வேறு இடத்தில் வேலை காத்திருக்கிறது. உத்தரவு போட்ட மாதத்தையும் ஆள் நின்ற மாதத்தையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

## வகுப்பு

நல்ல மனம் படைத்த நிர்வாகிகள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், புரிந்தால் செய்வார்கள் என்பது நம்பிக்கை. பாதி இடங்களில் அது பலிக்கிறது.

மீதிப் பாதியில் ஏன் பலிப்பதில்லை? தெரியாமை வேறு, வேண்டாமை வேறு. ஓவர்டைம் போகிறதே என்று கவலைப்படுபவரிடம் எட்டு மணி நேர வேலையால் உடலுக்கு வரும் நன்மையைப் படம் போட்டு விளக்கினால், அவர் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்? முதலில் இந்த இரண்டில் எது என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு பேரைத் தனியாக அழைத்து, யாரும் பார்க்காத இடத்தில், புது முறையில் ஒரு வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். செய்யத் தெரிகிறது, ஆனால் நாளைக்குச் செய்யமாட்டார்கள் என்றால் வகுப்பறைச் செலவு வீண்.

தெரியாமைதான் காரணம் என்றாலும் வகுப்பு நடத்தும் விதத்தில் சிக்கல் இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் பார்த்தேன். ஐம்பத்து நான்கு வயதுக் கணக்காளர், எதிரே இருபத்து நான்கு வயதுப் பயிற்சியாளர். “சார், இங்கே ரைட் கிளிக் பண்ணுங்கள்” என்றதும் அவர் கை மவுஸின்மேல் போய் அப்படியே நின்றது. வலது பொத்தான் எது என்று கேட்க வேண்டும். பின்வரிசையில் அவரிடம் வேலை கற்ற நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கேட்கவில்லை. “இதெல்லாம் நம் கம்பெனிக்குச் சரிப்படாது” என்றார். அறிக்கையில் அது எதிர்ப்பு என்று பதிவானது. பிறகு வீட்டில் மகளிடம் கற்றுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். மூத்தவர்களுக்குத் தனியாகவோ அவர்கள் வயதொத்தவரைக் கொண்டோ சொல்லிக்கொடுங்கள். புது முறை தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது வகுப்பை வையுங்கள். இரண்டு மாதம் முன்னால் நடத்தியது யாருக்கும் நினைவிருக்காது. தொடங்கிய பிறகு முதல் இரண்டு வாரம் பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். செலவைப் போடும்போது பயிற்சியாளர் கட்டணத்தோடு, பயிற்சி நேரத்தில் நின்றுபோகும் வேலையையும் சேர்த்துப் போடுங்கள். பல இடங்களில் அதுதான் பெரிய தொகை.

## கூட்டம்

கூட்டம் என்றதும் தேநீரும் பிஸ்கெட்டும் வைத்து “உங்கள் கருத்து என்ன?” என்று கேட்டுவிட்டு, முன்பே அச்சடித்த திட்டத்தை விநியோகிப்பது நினைவுக்கு வந்தால், அதைச் செய்யாமலே இருக்கலாம். நார்வேக் காலணித் தொழிற்சாலை முடிவுக்கு ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே கொடுத்த பங்கேற்பை எல்லாத் தொழிலாளர்களும் தங்களுக்கு உரிய, முறையான பங்கேற்பாகக் கருதவில்லை என்பது. எதை அவர்கள் முடிவுக்கு விடப்போகிறீர்கள் என்பது கூட்டத்துக்கு முன்பே உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். “மாறுவதா வேண்டாமா என்பது முடிவாகிவிட்டது, எப்படி, எந்த வரிசையில், என்ன ரேட்டில் என்பதை நீங்கள் சொல்லுங்கள்” என்று நேரே சொல்வது நேர்மை. ஹார்வுட்டிலும் நடந்தது அதுதான். பெட்டி வேண்டுமா அட்டை வேண்டுமா என்று அங்கே யாரும் வாக்களிக்கவில்லை.

இந்த வழியின் உண்மையான லாபம் மனம் குளிர்வதில் இல்லை, தகவலில் இருக்கிறது. ஒரு இயந்திரப் பட்டறையில் ஸ்டோர் முழுவதையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்த ஸ்டோர் கீப்பர் மட்டும் நீள நோட்டை விடவில்லை. கீபோர்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் ஏதோ எழுதுவார், அழிப்பார். முதலாளியின் மகனுக்கு எரிச்சல். இரண்டு முறை நோட்டைப் பறித்து வைத்தார். மறுநாள் வேறு நோட்டு முளைத்தது. மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு ஒத்துவரவில்லை. பழி நோட்டின்மேல் விழுந்தது.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டை விரித்துப் பார்த்தோம். எல்லாம் கடன் கணக்கு. எட்டு எம்எம் ட்ரில் பிட்டை ஒருவர் காலையில் வாங்கிப்போய் மதியம் திருப்பிக் கொடுப்பார். பெயரைப் பென்சிலில் எழுதி, பொருள் வந்ததும் அழித்துவிடுவார். புது மென்பொருளில் வழங்கல், திரும்பப் பெறல் என்று இரண்டுதான் இருந்தன. இரண்டுக்கும் இண்டென்ட் (பொருள் கேட்புச் சீட்டு) எண், சூப்பர்வைசர் ஒப்புதல் வேண்டும். “தம்பி, அரை மணி நேரத்துக்கு ஒரு பிட்டைக் கொண்டுபோகிறவனை இதில் எங்கே எழுதுவது?” என்று கேட்டார் அவர். மென்பொருளைத் தேர்ந்தெடுத்த குழுவில் அவர் பெயர் இல்லை. அந்தக் கேள்வியை ஆறு மாதம் முன்பே கேட்டிருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை. பொருள், பெயர் என்று இரண்டே கட்டம் கொண்ட கடன் பக்கம் ஒன்றைச் சேர்க்க மென்பொருள்காரருக்கு அரை நாள் ஆனது. நோட்டு இப்போதும் அங்கேதான் கிடக்கிறது, தொலைபேசி எண்கள் எழுத.

செலவு? நேரம். இருபது பேரை நான்கு முறை ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் எண்பது மணி நேர வேலை போகிறது. வாய் உள்ளவர் பேசுவார், வேலை தெரிந்தவர் சும்மா இருப்பார் என்ற ஆபத்தும் உண்டு. ஆகவே பெரிய கூட்டத்தைவிட வேலை நடக்கும் இடத்தில் மூன்று நான்கு பேராகப் பேசுவது நல்லது. முதலாளி எதிரே இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர் முதல் அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, கேட்டுவிட்டுச் செய்யாமல் விடுவது. அதன் பிறகு பத்து வருடத்துக்கு உங்கள் கூட்டத்துக்குத் தேநீருக்காக மட்டும் வருவார்கள்.

## பேரம்

கண்ணுக்குத் தெரியும் நஷ்டம் இருக்கும்போது, நஷ்டப்படுபவருக்குத் தடுக்கும் பலமும் இருக்கும்போது, நேரடியாகப் பேரத்துக்குப் போவதே மரியாதை.

இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம் வங்கிகள். கையெழுத்து லெட்ஜரும் பித்தளை டோக்கனுமாக இருந்த கிளைகளுக்குள் இயந்திரம் ஒரே நாளில் நுழையவில்லை. 1983இல் வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்த இயந்திரம், எவ்வளவு என்று அதில் வரம்பு கட்டினார்கள். இயக்குபவருக்குத் தனிப்படியும் உண்டு. அடுத்த ஆண்டே சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு கணினிமயமாக்கலுக்குத் திட்டம் தந்தது. பிறகு 1987இல் ஒரு ஒப்பந்தம், 1993இல் இன்னொன்று. பத்து ஆண்டு இழுத்தது என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் 2000–01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். அதற்குக் காரணங்கள் பல. இருந்தாலும் ஆள் குறையும் என்று 1983இல் அஞ்சியவர்களை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சில மாற்றங்களில் முன்கூட்டியே சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்கூட இல்லை. ஷிஃப்ட் முறை, வேலை நேரம், ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய இயந்திரமயம் போன்றவற்றுக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2020 தொழிலுறவுத் தொகுப்பிலும் அந்த 21 நாள் இருக்கிறது. கோவைக்காரர் சுற்றறிக்கை ஒட்டுமுன் ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.

பேரத்தின் மறைமுகச் செலவு அடுத்த முறைதான் தெரியும். ஒருமுறை மாற்றத்துக்கு விலை கொடுத்தால் அடுத்த மாற்றத்துக்கும் விலை கேட்பார்கள். எனவே தொகையை “மாறுவதற்கான பரிசு” என்று கொடுக்காதீர்கள். இழப்பை ஈடுசெய்வது என்று கணக்குக் காட்டி, எத்தனை மாதம் என்று எழுதிக் கொடுங்கள். மரியாதை போகிறதே என்று வருந்துபவரிடம் பணத்தை நீட்டுவதும் தவறு. அந்த ஸ்டோர் கீப்பருக்கு மாதம் ஐந்நூறு கூட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார், பென்சிலையும் வைத்துக்கொண்டிருப்பார்.

## “இரண்டும் கொஞ்ச நாள் ஓடட்டும்”

யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இது. பழைய நோட்டும் புதுக் கணினியும் சேர்ந்து ஓடும். இரண்டு வாரத்துக்கு மேல் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வேலை இரட்டிக்கும், ஆள் அதேதான். இரண்டில் எது உண்மை என்ற கேள்வி எழும்போது எல்லோரும் நோட்டைத்தான் நம்புவார்கள். மருத்துவமனையில் இது வெறும் தொல்லை மட்டுமல்ல. காகிதத்தில் ஒரு மருந்தளவும் டேப்லெட்டில் வேறொன்றும் இருந்தால் என்ன ஆகும்?

இன்னொரு தந்திரம், எதிர்ப்பவர்களின் தலைவருக்கு ஒரு பதவியைக் கொடுத்து வாயை அடைப்பது. கோட்டர் வரிசையில் இதற்கும் இடம் உண்டு. நம் ஊரில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகாது. தலைவர் போய்விடுவார், எதிர்ப்பு அங்கேயே இருக்கும்.

| | உத்தரவு | வகுப்பு | கூட்டம் | பேரம் |
|---|---|---|---|---|
| தொடங்கும் வேகம் | உடனே | சில வாரம் | ஒரு மாதமாவது | கணிக்க முடியாது |
| முதல் நாள் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | வேலை நேரம் | பணம் |
| நாற்பதாம் நாள் செலவு | ஆள் விலகல், மந்தம் | பக்கத்தில் நிற்க ஒருவர் | அநேகமாக இல்லை | அடுத்த மாற்றத்தின் விலை |
| பொருந்துவது | சட்டம், பாதுகாப்பு | தெரியாமை | சூட்சுமம் ஊழியர் கையில் | கண்கூடான நஷ்டம் |
| பொருந்தாதது | கைத்திறன் வேலை | வருமான இழப்பு | உயிர் ஆபத்து, கெடு தேதி | மரியாதை இழப்பு |

## மூவருக்கும் என் பதில்

பட்டறைக்காரருக்கு: பேரம், வேறு எதுவும் இல்லை. ஓவர்டைம் இல்லாத மாதச் சம்பளம் எவ்வளவு வரும் என்று ஆளுக்கு ஒரு சீட்டில் எழுதிப் பாருங்கள். அந்த இடைவெளியில் எவ்வளவை அடிப்படைச் சம்பளத்தில் ஏற்ற முடியும் என்று உங்கள் கணக்கரோடு உட்காருங்கள். மொத்த நேரம் அதே இருபத்து நான்கு மணிதான், ஆனால் இரட்டைச் சம்பளம் கொடுத்து வந்தீர்கள் என்றால் மிச்சமாகும் ஓவர்டைம் தொகையில் அதற்கு இடம் இருக்கலாம். இல்லை என்றால், மாற்றத்தின் முழுச் செலவையும் தொழிலாளி தலையில் கட்டப்போகிறீர்கள் என்று பொருள். அப்போது சண்டை வரத்தான் செய்யும்.

திருப்பூர்க்காரருக்கு: வரிசை முறையில் நஷ்டம் எல்லோருக்கும் இல்லை, வேகமான கைக்கு மட்டும். அந்த நான்கைந்து பேர் யார் என்று உங்களுக்கே தெரியும், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத்தான் மறுக்கிறார்கள். ஒரே ஒரு வரிசையில் தொடங்குங்கள். யார் ஓவர்லாக் மெஷினில், யார் பிளாட்லாக் மெஷினில், யாருக்குப் பின்னால் யார் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ரேட் கணக்கை அவர்கள் முன்னால் போடுங்கள். முதல் நாற்பது நாளுக்குக் கடந்த மூன்று மாதச் சராசரி குறையாது என்று எழுதிக் கொடுங்கள். படி மட்டும் கொடுத்துப் பார்த்து ஹார்வுட்டில் பலிக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். கூட்டமும் பேரமும் சேர்ந்துதான் போக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் இதைத் தொடாதீர்கள்.

செவிலியர் பொறுப்பாளருக்கு: நீங்கள் வகுப்பு கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அது தெரியாமையாகத் தோன்றவில்லை. கைபேசியில் எல்லாம் செய்கிறவர்களுக்கு டேப்லெட் என்ன கஷ்டம்? இரவுப் பணி முடியும் நேரத்தில் ஒரு வார்டுக்குப் போங்கள். அதிகாரியாகப் போகாமல், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். “இரவு இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம் பார்த்ததும் முதலில் எங்கே எழுதுகிறீர்கள், சிஸ்டர்?” என்று கேளுங்கள். ஒருவர் பாக்கெட்டிலிருந்து மடித்த துண்டுச்சீட்டை எடுப்பார், இன்னொருவர் உள்ளங்கையைக் காட்டுவார். டேப்லெட் நோயாளியின் கட்டிலுக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்று அப்போது தெரியும். ஒரு வார்டுக்கு ஒரே டேப்லெட் என்பதாலா, கையுறையோடு திரை வேலை செய்யாததாலா, கடவுச்சொல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதாலா? அந்த விடை கிடைத்த பிறகு வகுப்புக்குத் தேதி குறியுங்கள். அதற்கு முன் வேண்டாம்.